மரை

மூன்று வாரமாகக் காலையில் இறங்கிப் பார்த்தால்
லாரி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது,
ஒரு காலைத் தளர்த்தி உறங்கும் குதிரை மாதிரி.
இஞ்சினைப் போட்டால் கம்ப்ரஸர் முனகி முனகி
அரைமணியில் நிமிர்த்திவிடும்.
கம்பளி மூட்டைகளுக்கு ஒன்றும் தெரியாது.
எனக்குத் தெரியும். ராத்திரி எங்கோ
காற்று போய்க்கொண்டிருக்கிறது.

காதை வைத்துக் கேள் என்பார்கள்.
திரேஸ் லாகோஸுக்கு வந்து கேட்கட்டும்.
இங்கே காற்று பெட்ரோல் பங்கின் தகரத்தைப் பிடித்து உலுக்கும்,
நாயைப் பக்கவாட்டில் நடக்க வைக்கும்,
கதவைத் திறந்தால் கீலோடு கேட்கும்.
இத்தனை காற்றுக்குள்
ஓர் ஊசிமுனைக் காற்றை எந்தக் காதால் பிரிப்பது?

யார் செய்த வேலை என்பது மட்டும்
முதல் நாளே தெரிந்துவிட்டது எனக்கு.
இஸ்மாயேல் வேரா. நவம்பரில்
பின் அச்சுக்குக் குழாய் மாற்றியவன்.
ரியோ காயேகோஸில் அவன் பட்டறை வாசலில்
ஹாரனை அடித்து நிறுத்தி,
"உன் வேலையும் உன்னைப் போலவே ஒழுகுகிறது" என்றேன்.
"உனக்கு மரை கழன்றுவிட்டது, நேலிதா" என்றான்.
அதன் பிறகு ரேடியோவில் அவன் குரல் வந்தால்
அலைவரிசையை மாற்றிவிடுவேன்.

இன்று காற்று அறுபதுக்குத் தணிந்தது.
இங்கே அதற்குப் பெயர் அமைதி.
சட்டத்துக்கு அடியில் முட்டு வைத்தேன்.
(காற்றுப் பையை நம்பி லாரிக்கு அடியில் படுத்தவர்கள்
இரண்டு பேரை எனக்குத் தெரியும்.
சாலையோரம் இரண்டு சிலுவை.)
மாத்தேவுக்கு வைத்திருந்த வெந்நீரில்
பாத்திர சோப்பைக் கரைத்து, பெயின்ட் பிரஷால்
ஒவ்வொரு இணைப்பாகத் தடவினேன்.
நுரையைக் காற்று பிய்த்துக்கொண்டு போனது.
கோட்டைக் கழற்றிக் கூடாரம் கட்டினேன்.
எல்போவில் ஒன்றுமில்லை.
டீயில் ஒன்றுமில்லை.
அவன் கைபட்ட இடமெல்லாம் வாய் திறக்கவில்லை.

மட்ட வால்வின் கழிவுத் துளையில்
ஒரு குமிழ்.
வளர்ந்தது, வானத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டது, உடைந்தது.
இன்னொன்று.

தொட்டியை வடித்துவிட்டு வால்வைப் பிரித்தேன்.
உள்ளே, மூட வேண்டிய இடத்தை மூட விடாமல்,
மயிரிழை அளவு
ஒரு மஞ்சள் நார்.

இஸ்மாயேல் டேப் சுற்றுகிறவன் இல்லை. எப்போதும் பசைதான்.
மஞ்சள் டேப், காஸ் அடுப்புக்கு வாங்கியது,
என் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.
ஜனவரியில், ஆலங்கட்டி மழையில்,
ஒழுகாத எல்போவைக் கழற்றி
எதற்கும் இருக்கட்டும் என்று ஏழு சுற்றுச் சுற்றியவள் நான்.
முதல் மரையைக்கூட விடாமல், வாய் வரைக்கும்.
அது பிய்ந்து, குழாயோடு போய்,
மூன்று வாரம் அவனைத் திட்டிக்கொண்டிருந்தது.

சுரண்டி எடுத்தேன், ஊசியால், பிறகு நகத்தால்.
அவன் எப்போதோ கொடுத்த பசை ட்யூபில் பாதி இருந்தது.
முதல் இரண்டு மரையை வெறுமனே விட்டு
அதற்குப் பின்னால் மெல்லிசாய் ஒரு வளையம்.
கை இறுக்கும் வரை கை, பிறகு ஸ்பானரில் ஒன்றரைச் சுற்று.
கொஞ்சம் கூடிப்போனால் பின்னால் திருப்பக் கூடாது.
முன்னாலே போக வேண்டும்,
இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து.
காற்றுப் படாத இடத்தில்தான் இந்தப் பசை இறுகும்.
இந்த மாகாணத்தில் அப்படி ஓர் இடம்
இரண்டு மரைகளுக்கு நடுவே மட்டும்தான்.

குளிரில் ஒரு நாள் ஆகும் என்கிறது ட்யூப்.
கேபினில் உட்கார்ந்திருக்கிறேன். மாத்தேவுக்கு வெந்நீர் இல்லை.
ரேடியோவில் அவன் யாரிடமோ
ஆட்டு விலை பேசிக்கொண்டிருக்கிறான்.
பொத்தானை அழுத்தினேன்.
"இஸ்மாயேல், மஞ்சள்" என்றேன்.
"என்ன மஞ்சள்?"
சொன்னேன். அதற்குள் காற்று மறுபடி நூறைத் தொட்டு
ஆன்டெனாவை வளைத்தது.
"கேட்கவில்லை, நேலிதா. திரும்பச் சொல்."

எந்தப் பாதி போய்ச் சேர்ந்ததோ.
திரும்ப அழுத்தினேன்.